பேன், சொறி, வயிற்றுப் புழு: நறுமண எண்ணெய் எங்கே உதவும், எங்கே உதவாது?

பள்ளி திறந்து இரண்டு மாதம் ஆவதற்குள் வீட்டில் ஒரு பிள்ளையாவது தலையைச் சொறிய ஆரம்பித்துவிடும். விடுதியிலிருந்து லீவுக்கு வரும் பிள்ளையின் விரலிடுக்கில் சொறி இருக்கும். மருந்துக் கடையில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி மருந்து கிடைக்கிறது, இணையத்தில் டீ ட்ரீ ஆயில் கிடைக்கிறது, நாட்டு மருந்துக் கடையில் கிராம்புத் தைலமும் ஓமத் திரவமும் இருக்கின்றன. எதை வாங்குவது?

"இயற்கையா, ரசாயனமா?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் இதற்கு விடை வராது. ஒட்டுண்ணி உடம்பில் எந்த இடத்தில் இருக்கிறது, அந்த இடத்தில் எண்ணெய் எவ்வளவு செறிவோடு எவ்வளவு நேரம் நிற்கும், அந்தச் செறிவை நம் தோலும் கல்லீரலும் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பேன் முடியில் இருக்கிறது. சொறிப்பூச்சி தோலின் மேலடுக்கைக் குடைந்துகொண்டு இருக்கிறது. புழு குடலில் இருக்கிறது. மலேரியாக் கிருமி ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கிறது. இதே வரிசையில் உள்ளே போகப் போக நறுமண எண்ணெயின் பயன் குறைகிறது, ஆபத்து கூடுகிறது.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துக்கொள்வோம். எசென்ஷியல் ஆயில் என்று கடையில் விற்கும் நறுமண எண்ணெய், இலை, மொட்டு, பட்டை போன்றவற்றைப் பெரும்பாலும் நீராவியில் வடித்து எடுப்பது. தாளில் ஒரு சொட்டு விட்டால் கொஞ்ச நேரத்தில் ஆவியாகிப் போகும். வேப்பெண்ணெயும் புங்க எண்ணெயும் அப்படியல்ல. அவை விதையை ஆட்டி எடுப்பவை, தாளில் கறை அப்படியே நிற்கும். வேம்பில் பூச்சியைத் தாக்கும் அசாடிராக்டின் என்ற பொருள் ஆவியில் ஏறிவராது. ஆகவே "வேம்பு எசென்ஷியல் ஆயில்" என்று எழுதிய குப்பியைக் கண்டால், அதை விற்பவருக்கே சரக்கு தெரியவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். டீ ட்ரீ ஆயிலுக்கும் நாம் குடிக்கும் தேயிலைக்கும் சம்பந்தமே கிடையாது. அது ஆஸ்திரேலியாவின் மெலலூக்கா ஆல்டெர்னிஃபோலியா என்ற மரத்தின் இலைத் தைலம்.

பேன்

நறுமண எண்ணெய்க்கு நல்ல சான்று இருக்கும் இடம் இதுதான். 2010-ல் ஆஸ்திரேலியாவில் பேன் பிடித்த 123 பேரிடம் மூன்று மருந்துகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 10 சதவீத டீ ட்ரீ ஆயிலும் 1 சதவீத லாவெண்டர் எண்ணெயும் கலந்த தயாரிப்பைப் போட்டவர்களில் 97.6 சதவீதம் பேரின் தலை, கடைசித் தடவலுக்கு மறுநாள் பேனில்லாமல் இருந்தது. பேனை மூச்சடைக்க வைக்கும் தயாரிப்புக்கும் அதே 97.6. பைரெத்ரின் மருந்துக்கு வெறும் 25. இதைப் பார்த்ததும் "செடி வென்றது, ரசாயனம் தோற்றது" என்று சிலர் எழுதுகிறார்கள். பைரெத்ரின் எடுக்கப்படுவது ஒரு வகைச் சாமந்திப் பூவிலிருந்துதான், அதாவது தோற்றதும் செடிதான். பல ஆண்டுகள் அதையே பார்த்துப் பழகிய பேன்களின் நரம்பில் மாற்றம் வந்து, மருந்து அங்கே பிடிக்காமல் போய்விட்டது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வென்ற இரண்டையும் வாரம் ஒன்றாக மூன்று முறை தடவினார்கள், பைரெத்ரினை இரண்டு முறைதான். அந்த மூன்றாவது தடவலின் மதிப்பு, ஈரைப் பற்றிப் படித்தால் புரியும்.

2010-லேயே பிரிட்டனில் நடந்த இன்னொரு ஆய்வு நமக்கு இன்னும் நெருக்கமானது. தேங்காயெண்ணெயிலிருந்து செய்த பொருளும் சோம்பு வகை எண்ணெயும் கலந்த ஸ்ப்ரே 82 சதவீதம் பேருக்குப் பலித்தது. 0.43 சதவீத பெர்மெத்ரின் லோஷன் 42 சதவீதம் பேருக்குத்தான்.

தோல்வி பெரும்பாலும் ஈரில்தான் தொடங்குகிறது. ஈர் இட்டு 7 முதல் 10 நாளில் குஞ்சு வெளிவரும். முதல் சில நாட்களுக்கு உள்ளிருக்கும் கருவுக்கு நரம்பு மண்டலமே உருவாகியிருக்காது. நரம்பைத் தாக்கும் மருந்து எதுவானாலும், அது பெர்மெத்ரினோ டீ ட்ரீயோ, புது ஈரை எளிதில் கொல்லாது. இத்தாலியில் 2012-ல் வெளியான ஓர் ஆய்வக முடிவு இதை எண்ணில் காட்டுகிறது. 1 சதவீத டீ ட்ரீ ஆயில் 30 நிமிடத்தில் எல்லாப் பேனையும் குஞ்சையும் கொன்றது. ஆனால் ஈரில் பாதியைப் பொரிக்கவிடாமல் தடுக்கவே 2 சதவீதம் தேவைப்பட்டது, அதுவும் நான்கு நாள் கழித்துப் பார்த்தபோது. ஆகையால் ஒரே தடவலில் பேன் போய்விடும் என்று சொல்லும் எந்தக் குப்பியையும் நம்ப வேண்டாம். டீ ட்ரீ வகையை ஏழாம் நாளும் பதினான்காம் நாளும் மறுபடி தடவியே ஆக வேண்டும், மற்ற மருந்துகளுக்கான நாள் கணக்கு கீழே வருகிறது. குஞ்சு வளர்ந்து மறுபடி ஈர் இட ஆரம்பிப்பதற்குள் பிடித்துவிட வேண்டும்.

வீட்டுக்கு எதை எடுப்பது? முதல் தேர்வு 4 சதவீத டைமெதிகோன் லோஷன். அது ஒரு சிலிக்கோன் எண்ணெய். பேனின் உடம்பைப் பூசி மூடி, நீரை வெளியேற்ற முடியாமல் செய்துவிடும். நரம்போடு அதற்கு வேலை இல்லாததால் பேன் பழகித் தப்பும் கவலையும் குறைவு. உலர்ந்த முடியில் வேரிலிருந்து நுனி வரை நனையத் தடவி, 8 மணி நேரம் விட்டு அலசி, ஏழு நாள் கழித்து மறுபடி செய்ய வேண்டும். அது கிடைக்காத ஊரில் 1 சதவீத பெர்மெத்ரின் போடலாம். தலையை அலசித் துவட்டிய ஈரமுடியில் 10 நிமிடம் வைத்து அலசி, ஒன்பதாம் நாள் மறுபடி. கண்டிஷனர் போட்டிருந்தால் மருந்து முடியில் ஒட்டாது. அதை முதல் நாளே நிறுத்திவிடுங்கள். இரண்டு சுற்று சரியாகப் போட்டும் உயிருள்ள பேன் ஓடினால், மூன்றாவது முறையும் அதே மருந்தைப் போடாதீர்கள்.

தயாராகக் கலந்து விற்கும் டீ ட்ரீ தயாரிப்பை, பெர்மெத்ரின் பலிக்காத வீட்டில் இரண்டாவது தேர்வாக வைத்துக்கொள்ளலாம். வீட்டிலேயே கலப்பவர்கள் 10 சதவீதத்துக்குப் போக வேண்டாம். ஆய்வில் அந்தச் செறிவைத் தடவியவர்களை அருகிலிருந்து கண்காணித்தார்கள். அந்த வசதி நம் வீட்டில் இல்லை. 5 சதவீதம் போதும், மிச்சத்தைச் சீப்பு செய்யட்டும்.

அந்தச் சீப்பைப் பற்றி இரண்டு ஆய்வுகள் எதிரெதிராகப் பேசுகின்றன. 2000-ல் வேல்ஸில் ஈரமுடிச் சீவல் 38 சதவீதம் பேருக்கும் மாலத்தியான் மருந்து 78 சதவீதம் பேருக்கும் பலித்தது. 2005-ல் பிரிட்டனில் நடந்த இன்னொன்றில் சீப்பு 57, மருந்து 13. வேறு ஊர், வேறு பேன், வேறு சீப்பு. உங்கள் ஊர்ப் பேன் எந்த மருந்துக்குப் பழகியிருக்கிறது என்பது முடிவை எப்படிப் புரட்டிப் போடும் என்று இதில் தெரிகிறது. எந்த மருந்தைத் தேர்ந்தாலும் பல் நெருக்கமான உலோக ஈர்வலியைச் சேர்த்தே வாங்குங்கள். தேங்காயெண்ணெய் வழியத் தடவி, முடியைச் சிறு சிறு பாகமாகப் பிரித்து, தலைத்தோலைத் தொட்டபடி நுனி வரை இழுத்து, ஒவ்வொரு இழுப்புக்கும் வெள்ளைத் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். முதல் நாள், ஐந்தாம் நாள், ஒன்பதாம் நாள், பதிமூன்றாம் நாள் என்று நான்கு முறை. நீள முடிக்கு அரை மணி நேரத்துக்குக் குறையாது. பொறுமை இல்லாதவர் கையில் இந்த முறை தோற்கும்.

சீதாப்பழக் கொட்டையை அரைத்துத் தலையில் பூசும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. பேன் சாகத்தான் செய்யும். ஆனால் அந்தத் தூள் கண்ணில் பட்டால் கருவிழியின் மேல்தோல் உரிந்து, தாங்க முடியாத வலியோடு கண் மருத்துவரிடம் ஓட வேண்டியிருக்கும். குழந்தை தலையில் பூசி, வழிவதைக் கண்ணில் படாமல் காப்பது நடக்காத காரியம். இதை விட்டுவிடுங்கள்.

சொறி சிரங்கு

இங்கே ஆய்வகம் சொல்வதும் வீட்டில் நடப்பதும் பிரிந்துவிடுகின்றன. அதைப் புரிந்துகொள்ளாமல்தான் பல குடும்பங்கள் மாதக்கணக்கில் சொறிந்துகொண்டிருக்கின்றன.

ஆய்வகத்தில் டீ ட்ரீ ஆயில் அபாரமாக வேலை செய்கிறது. ஆஸ்திரேலியாவின் வட பிரதேசத்தில் நோயாளிகளின் தோலிலிருந்து எடுத்த சொறிப்பூச்சிகளை 5 சதவீத டீ ட்ரீ ஆயிலில் போட்டுப் பார்த்து 2004-ல் முடிவை வெளியிட்டார்கள். பெர்மெத்ரினையும், ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்தையும் விட அது வேகமாகக் கொன்றது. அதில் முக்கியமாக வேலை செய்தது டெர்பினன்-4-ஆல் என்ற பொருள். 2010-ல் கிராம்புத் தைலத்தையும் அப்படிச் சோதித்தார்கள். அதிலுள்ள யூஜினால், சொறிப்பூச்சிக்குக் கடுமையான நஞ்சு என்று தெரிந்தது. ஜாதிக்காய் எண்ணெய் நடுத்தரம், இலாங்-இலாங் எண்ணெய் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. கிராம்பு விளையும் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது காதில் தேன் வார்க்கும் செய்திதான்.

ஆனால் தட்டில் கிடக்கும் பூச்சியின் மேல் எண்ணெய் நேராகப் படுகிறது, ஆவியாகாமலும் இருக்கிறது. உடம்பில் பெண் பூச்சி தோலின் மேலடுக்குக்குள் வளை தோண்டி, நாளுக்கு இரண்டு மூன்று முட்டை இட்டுக்கொண்டே போகிறது. நறுமண எண்ணெயைத் தடவினால், நம் ஊர் வெயிலில் சீக்கிரமே காற்றோடு போய்விடும். பெர்மெத்ரின் களிம்பு 8 முதல் 14 மணி நேரம் தோலில் நின்று வேலை செய்கிறது. சொறிக்கு டீ ட்ரீயை மட்டும் போட்டு ஆறுவார்கள் என்று காட்டும் நல்ல மனிதச் சோதனைகள் கையில் இல்லை. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகர மருத்துவமனை மரபில் அதற்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறார்கள். தோல் தடித்துப் பொருக்குக் கட்டும் கடுமையான சொறியில் 25 சதவீத பென்சைல் பென்சோயேட்டோடு 5 சதவீத டீ ட்ரீ ஆயிலைச் சேர்த்துப் பூசுகிறார்கள். அதோடு ஐவர்மெக்டின் மாத்திரையும் பொருக்கைக் கரைக்கும் களிம்பும் உண்டு. மருத்துவமனையில், துணைக்கு என்பதுதான் அதன் இடம்.

இந்த பென்சைல் பென்சோயேட்டையே பாருங்கள். பெரு பால்சம் என்ற மரப்பிசினில் இயற்கையாக இருக்கும் பொருள் அது. நல்ல பகுதியைப் பிரித்து, அளவு நிர்ணயித்து, மலிவாகச் செய்து மருந்தாக்கிவிட்டார்கள். செடியிலிருந்து மருந்து வரும் நேர் வழி அதுதான். எரிச்சல் அதிகம் என்பதால் சிறு குழந்தைகளுக்கு அது ஏற்றதல்ல.

நம் பக்கத்து மருந்து ஒன்றையும் சொல்ல வேண்டும். வேப்பிலையும் மஞ்சளும் அரைத்த விழுதை 814 பேருக்குப் பூசி, 3 முதல் 15 நாளில் 97 சதவீதம் பேர் குணமானதாக 1992-ல் ஓர் ஆய்வு வெளியானது. எண் பெரியது, ஆனால் ஒப்பிட்டுப் பார்க்க மருந்து போடாத குழுவோ வேறு மருந்து போட்ட குழுவோ அதில் இல்லை. அதனால் அதை நிராகரிக்கவும் முடியாது, நம்பி இறங்கவும் முடியாது. பெர்மெத்ரின் போட்ட பிறகு நிற்கும் அரிப்புக்கு விழுதைப் பூசிக்கொள்வதில் பெரிய தவறில்லை. புண்ணில் சீழ் இருந்தால் மட்டும் வேண்டாம்.

ஆக, சாதாரணச் சொறிக்கு எங்கள் தேர்வு 5 சதவீத பெர்மெத்ரின் களிம்புதான். டீ ட்ரீ குப்பியை விட அது பெரும்பாலும் மலிவும்கூட. வாங்கினால் மட்டும் போதாது, போடும் முறையில்தான் முக்கால்வாசித் தோல்வி.

பெரியவர் ஒருவருக்கு 30 கிராம் தேவை. இரவு, உடம்பு உலர்ந்து சூடு தணிந்த பின், கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை ஓர் அங்குலம் விடாமல் தடவ வேண்டும். அரிக்கும் இடத்தில் மட்டும் தடவினால் பலனில்லை. விரலிடுக்கு, மணிக்கட்டு, அக்குள், தொப்புள், பிறப்புறுப்பு, பிட்டத்து மடிப்பு, உள்ளங்கால் ஒன்றும் விடக்கூடாது. நகத்தை வெட்டி, நகத்தடியிலும் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். கைக்குழந்தைக்கும் முதியவருக்கும் கண், வாய்ப் பக்கத்தை விட்டு முகத்திலும் தலையிலும் தடவ வேண்டும். இரவில் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். காலையில் குளித்து, ஏழு நாள் கழித்து இதையே திரும்பச் செய்ய வேண்டும்.

வீட்டில் இருக்கும் எல்லாரும், அரிப்பே இல்லாதவரும்கூட, அதே இரவில் தடவ வேண்டும். முதல் முறை தொற்றியவருக்கு அரிப்புத் தொடங்கவே 4 முதல் 6 வாரம் ஆகும். அந்த நாட்களில் அவர் அறியாமலே பரப்பிக்கொண்டிருப்பார். அரிக்கவில்லை என்று ஒதுங்கும் அந்த ஒருவரிடமிருந்துதான் இரண்டாம் மாதம் எல்லாருக்கும் திரும்ப வரும். துணி, போர்வை, தலையணை உறைகளைச் சுடுநீரில் துவைத்து வெயிலில் காயப் போடுங்கள். துவைக்க முடியாததைப் பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி குறைந்தது மூன்று நாள், முடிந்தால் ஒரு வாரம் வைத்தால் போதும். உடம்பை விட்டு வந்த பூச்சி இரண்டு மூன்று நாளுக்கு மேல் தாங்குவது அரிது.

பூச்சி செத்த பின்பும் அதன் உடல் துணுக்குகள் தோலில் இருக்கும்வரை அரிப்பு 2 முதல் 4 வாரம் தொடரும். "மருந்து பிடிக்கவில்லை" என்று பலர் இந்த நேரத்தில்தான் டீ ட்ரீயை எடுத்து நேராகத் தேய்க்கிறார்கள். ஏற்கெனவே புண்பட்ட தோல் அதில் கொப்பளித்துப் போகும். இன்னும் சிலர் கடையில் கேட்டு ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, ஆன்டிபயாட்டிக் மூன்றும் கலந்த களிம்பைப் பூசுகிறார்கள். அரிப்பு அடங்கும், ஆனால் பூச்சி நிம்மதியாகப் பெருகும். சொறி தன் உருவத்தையே மாற்றிக்கொண்டுவிடுவதால் பிறகு தோல் மருத்துவரே கண்டுபிடிக்கத் திணற வேண்டியிருக்கும். இந்த ஒரு தவறைத் தடுத்தாலே நிறைய துன்பம் குறையும்.

விடுதி, முதியோர் இல்லம், குடியிருப்பு என்று ஆள் நிறைந்த இடத்தில் களிம்பு தோற்கும், மாத்திரை வெல்லும். ஃபிஜியில் நடந்து 2015-ல் வெளியான சோதனையில், ஊர் முழுவதுக்கும் ஐவர்மெக்டின் கொடுத்த இடத்தில் சொறி 32.1 சதவீதத்திலிருந்து 1.9 சதவீதமாக விழுந்தது. பெர்மெத்ரின் கொடுத்த இடத்தில் 62 சதவீதம்தான் குறைந்தது. அளவு, எடையில் கிலோவுக்கு 200 மைக்ரோகிராம், அதாவது 60 கிலோ உள்ளவருக்கு 12 மி.கி. உணவோடு சாப்பிட்டு, 7 முதல் 14 நாளில் இரண்டாம் முறை. 15 கிலோவுக்குக் கீழ் உள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் மருத்துவர் இதைத் தவிர்ப்பார். அவர்களுக்குப் பெர்மெத்ரினோ கந்தகக் களிம்போ உண்டு. காமா பென்சீன் ஹெக்சாகுளோரைடு என்ற பழைய லோஷனை இன்னமும் சிலர் கேட்டு வாங்குகிறார்கள். அது நரம்பைப் பாதிப்பது. 2009-ல், அழியாமல் தங்கும் நச்சுகளைக் கட்டுப்படுத்தும் ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் சேர்க்கப்பட்ட நஞ்சு. தவிருங்கள்.

சொறிந்த இடத்தில் சீழ் வைத்தால், காய்ச்சல் வந்தால், குழந்தையின் முகம் வீங்கிச் சிறுநீர் குறைந்தாலோ கருத்துப் போனாலோ எண்ணெய்ப் பேச்சை விட்டுவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிரங்குப் புண்ணில் ஏறும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

வயிற்றுப் புழு

ஓமத்துக்கு இங்கே மெய்யான ஒரு வரலாறு இருக்கிறது. ஓம எண்ணெயின் முக்கியப் பொருள் தைமால். நாட்டு மருந்துக் கடையில் ஓம உப்பு என்று விற்பது அதன் படிகம்தான். சுமார் நூறாண்டுக்கு முன் கொக்கிப்புழுவுக்கு உலகெங்கும் கொடுத்த மருந்து தைமால். இந்தியாவிலிருந்து ஓம விதை கப்பலேறி ஜெர்மனிக்குப் போய்த் தைமாலாக மாறியது. முதல் உலகப் போர் அந்த வழியை அடைத்தது. செனோப்போடியம் என்ற செடியின் நறுமண எண்ணெய் அதன் இடத்தைப் பிடித்தது. ராக்ஃபெல்லர் நிதியத்தின் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் 1916-ல் இலங்கைக்கு வந்தபோது, தோட்டங்களில் இருந்த தமிழ்த் தொழிலாளர்களே அதை அதிகம் விழுங்கியவர்கள்.

ஆகவே நறுமண எண்ணெய் புழுவைக் கொல்லுமா என்றால், கொல்லும். ஆனால் கொடுத்த விதத்தைக் கேளுங்கள். தைமால் பெரியவருக்கு நாலு கிராம் வரை, பகுதி பகுதியாக. முன்னும் பின்னும் பேதி உப்பு. அன்று எண்ணெய்ச் சாப்பாடும் சாராயமும் கூடாது. தைமால் அவற்றில் கரைந்து ரத்தத்தில் ஏறினால் ஆளையே சாய்த்துவிடும். செனோப்போடியம் இன்னும் மோசம். 1.5 மி.லி.தான் மருந்தளவு, அதைக் கொஞ்சம் தாண்டினாலே நஞ்சு. குழந்தைகள் செத்திருக்கிறார்கள். 1920-களில் வேறு மருந்துகள் வந்ததும் அதைக் கைவிட்டதற்குக் காரணம் அதுதான்.

இன்று அல்பெண்டசோல் 400 மி.கி. மாத்திரை ஒன்று, ஒன்று முதல் இரண்டு வயதுக்குள் பாதி. குடலிலிருந்து ரத்தத்தில் அதிகம் ஏறாது என்பதே அதன் சிறப்பு. மருந்து புழு இருக்கும் இடத்திலேயே நிற்கிறது. கீரிப்பூச்சிக்கு இரண்டு வாரத்தில் இன்னொரு முறை, வீட்டில் எல்லாருக்கும். தேசியக் குடற்புழு நீக்க நாளில் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் இலவசமாகவே தருகிறார்கள். இதை வைத்துக்கொண்டு கிராம்புத் தைலமோ ஓம உப்போ குழந்தைக்குக் கொடுப்பதற்கு ஒரு நியாயமும் இல்லை. வயிற்று உப்புசத்துக்குக் கொடுக்கும் ஓமத் திரவத்தில் எண்ணெய் மிகச் சிறிதளவே இருப்பதால் அதனால் புழு போகாது. வேப்பெண்ணெயைப் புழுவுக்குப் புகட்டுவது மிக ஆபத்தானது. 1980-களின் தொடக்கத்தில் மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட கைக்குழந்தைகள் வாந்தி, வலிப்பு, கல்லீரல் பாதிப்போடு மருத்துவமனைக்கு வந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

மலேரியா, காலா அசார்

ஆய்வு இதழ்களில் அதிகம் எழுதப்படுவதும், நோயாளிக்குக் குறைவாகப் பயன்படுவதும் இந்தப் பகுதிதான். காலா அசார் நோயைத் தரும் ஒட்டுண்ணி லீஷ்மேனியா. "இந்த எண்ணெய் லீஷ்மேனியாவைக் கொன்றது" என்ற தலைப்பைக் கண்டால் ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். மில்லி லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் செறிவில் பாதிக் கிருமி செத்தது என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோ எடையுள்ளவரின் உடல் நீர் சுமார் 36 லிட்டர். அந்தச் செறிவு வர ஒரே நேரத்தில் 1.8 கிராம் எண்ணெய் உள்ளே கரைந்து நிற்க வேண்டும். கல்லீரல் அதை மணிக்கணக்கில் சிதைத்து வெளியேற்றிவிடும் என்பதால் நாளுக்குப் பல முறை விழுங்க வேண்டிவரும். அதற்குள் நோயாளியின் கல்லீரல் தாங்காது. ஆர்ட்டிமிசினின் வகை மருந்துகள் இதைவிடப் பல ஆயிரம் மடங்கு குறைந்த செறிவிலேயே மலேரியாக் கிருமியைக் கொல்கின்றன.

அந்த ஆர்ட்டிமிசினினும் செடியில் கிடைத்ததுதான். ஆனால் அது செடியின் நறுமண எண்ணெயில் இல்லை. காய்ச்சினால் வீரியம் போகிறது என்று உணர்ந்து, குறைந்த வெப்பத்தில் கொதிக்கும் ஈதரில் பிரித்தெடுத்த சீன விஞ்ஞானி து யூயூவுக்கு 2015-ல் நோபெல் பரிசு கிடைத்தது. அதே செடியின் இலையைத் தேநீராகக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. தேநீரில் மருந்து குறைவாக இருப்பதால் கிருமி அதற்குப் பழகி, மருந்தே வீணாகிவிடும்.

மலேரியா விஷயத்தில் நறுமண எண்ணெய்க்கு ஓர் இடம் உண்டு, கொசு கடிப்பதற்கு முன். எலுமிச்சை மணம் வீசும் ஒரு வகைத் தைல மரத்தின் எண்ணெயைப் பக்குவப்படுத்திச் செய்யும் பி.எம்.டி. என்ற விரட்டி நல்ல பலன் தருகிறது. மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம். ஊட்டியில் வாங்கும் நீலகிரித் தைலம் வேறு மரத்துடையது, அதை இதற்குப் பதிலாகப் பூச முடியாது.

குப்பி வாங்கினால்

டீ ட்ரீ ஆயிலுக்கு ஐ.எஸ்.ஓ. 4730 என்ற தர அளவு இருக்கிறது. 2017 பதிப்பின்படி டெர்பினன்-4-ஆல் குறைந்தது 35 சதவீதமும், 1,8-சினியோல் 10 சதவீதத்துக்கு மிகாமலும் இருக்க வேண்டும். பகுப்பாய்வுச் சான்று கேட்டால் தராத விற்பனையாளரிடம் வாங்க வேண்டாம். தாவரத்தின் முழு அறிவியல் பெயர் லேபிளில் இல்லாத குப்பியும் வேண்டாம்.

சொட்டுக் கணக்கை நம்பாதீர்கள். ஒரு மி.லி.க்கு ஒரு குப்பியில் 20 சொட்டு, இன்னொன்றில் 35. ஊசியில்லாத 2 மி.லி. சிரிஞ்சால் அளந்தெடுங்கள். 5 சதவீதம் என்றால் 30 மி.லி. தேங்காயெண்ணெய்க் கலவையில் 1.5 மி.லி. தண்ணீரில் கலக்கக் கூடாது. எண்ணெய் மேலே மிதந்து, தொடும் இடத்தில் முழுச் செறிவோடு சுட்டுவிடும். முழங்கையின் உள்பக்கம் சிறிது தடவி இரண்டு நாள் பார்த்துவிட்டுத்தான் தலைக்கு. கண் இமையில் இருக்கும் நுண்பூச்சிக்கு வீட்டுக் கலவை கூடவே கூடாது.

பழைய எண்ணெய்தான் அதிகம் ஒவ்வாமை தருகிறது. காற்றும் வெளிச்சமும் பட்டால் அதில் பெராக்சைடுகள் உண்டாகும். தோலில் ஒவ்வாமையைத் தூண்டுவது அவைதான். பழுப்புக் கண்ணாடிக் குப்பி, இறுக்கிய மூடி, குளிர்ந்த இடம். திறந்து ஓராண்டு ஆனால் கொட்டிவிடுங்கள்.

பேனுக்கும் சொறிக்கும் தேங்காயெண்ணெயில் கற்பூரத்தைக் கரைத்துப் பூசுவது நம் வீடுகளில் சாதாரணம். பூஜைக் கற்பூரத்தில் அளவே கிடையாது. அமெரிக்காவில் தோலில் பூசும் பொருளில் கற்பூரம் 11 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. கைக்குழந்தையின் தோல் வழியாகவே அது ஏறி வலிப்பு வந்திருக்கிறது. விழுங்கினால் ஒரு கிராம்கூட சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. கிராம்புத் தைலமும் சளைத்ததல்ல. 5 முதல் 10 மி.லி. குடித்த இரண்டு வயதுக் குழந்தை ஆழ்ந்த மயக்கத்துக்குப் போய், கல்லீரல் செல்கள் செத்து, ரத்தம் உறையும் தன்மையே குலைந்ததை 1993-ல் பதிவு செய்திருக்கிறார்கள்.

குழந்தை எந்த நறுமண எண்ணெயையோ கற்பூரத்தையோ விழுங்கிவிட்டால் விரலை விட்டு வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தியோடு எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் நிலைமை இன்னும் மோசமாகும். பால், உப்புத் தண்ணீர் எதுவும் வேண்டாம். கற்பூரத்தில் வலிப்பு ஐந்தே நிமிடத்தில்கூடத் தொடங்கலாம். "கொஞ்சம் பார்த்துவிட்டுப் போவோம்" என்று உட்காராமல் தமிழகத்தில் 108, இலங்கையில் 1990 எண்ணை அழையுங்கள். குப்பியையும் கையோடு எடுத்துப் போங்கள். எந்த எண்ணெய், எவ்வளவு குறைந்திருக்கிறது என்று மருத்துவர் அதைப் பார்த்துத்தான் கணக்கிடுவார்.